ஐஸ் கணக்கு

எல்லாச் செலவையும் நான் ஐஸ் பாரில்தான் எண்ணுவேன்.
முன்சக்கரத்துப் பிரேக் பேடு, நூற்றுத் தொண்ணூறு பார்.
கிளட்ச், ஆயிரத்து நூறு.
இந்த இரண்டு சீட்டு மஞ்சள் வண்டியைக்
கோயம்புத்தூர்க்காரரிடமிருந்து ஓட்டிவந்த அன்று
குளச்சல் படகுகள் ஒரு பருவம் முழுக்கச்
சுமந்துபோகும் ஐஸ் கைமாறியது.
வீட்டில் சொன்னது அதில் பாதி.

சூடாவதுதான் இதன் குணம்.
மார்த்தாண்டம் நெரிசலில் பத்து நிமிஷம் நின்றால்
முள் நூற்றுப்பத்தைத் தொட்டுவிட்டு என்னைப் பார்க்கும்.
சூடு எனக்குப் புதிதில்லை.
குளிர் என்று ஒன்றை யாரும் செய்வதில்லை;
உள்ளிருக்கும் சூட்டைப் பிடித்து வெளியே தள்ளுகிறோம்,
அதற்குத்தான் எனக்குக் காசு.
ரேடியேட்டரைப் பெரிதாக்கினேன்.
இன்டர்கூலரை முன்னுக்கு நகர்த்தினேன்.
காற்று வரட்டும் என்று
பம்பரில் இரண்டு வாய் வெட்டினேன்.
வாய் திறந்ததும் முதலில் வந்தது உப்பு.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கி
அடிவயிற்றை நல்ல வெள்ளத்தில் கழுவுகிறேன்.
கம்ப்ரசர் பார்க்கும் பனியடிமை
ஒருநாள் துத்தநாகக் கட்டியொன்றைக் கொண்டுவந்தார்,
படகுக்கு அடியில் அடிப்பது.
"இரும்பத் தின்னாது, இதத்தான் தின்னும்."
கடலில் மூழ்கிக் கிடந்தால்தான் அது வேலை செய்யும்.
தெரியும். மாட்டினேன்.
எடை குறைக்கவென்று
பின்கண்ணாடி வைப்பரையே கழற்றி எறிந்தவள்தான்.

குளச்சலிலிருந்து நாகர்கோவில் வரை
நாற்பத்தொரு வேகத்தடை. பெயின்ட் உள்ளவை ஒன்பது.
ஒவ்வொன்றையும் நண்டுபோலக் கோணலாக ஏறுவேன்.
மினிபஸ் கண்டக்டர் தலையை நீட்டி,
"எக்கா, எறங்கித் தள்ளட்டா?"
ஸ்பிரிங்கை இறக்கியது ஒரு மாதம்,
ஏற்றியது மறுமாதம்,
கூலி இரண்டுக்கும்.

பிறகு அந்தச் சீறல்.
மூன்றாம் கியரில் நாலாயிரம் சுற்றைத் தாண்டினால்
எங்கோ ஒரு ஸ்ஸ்.
டர்போ அழுத்தத்துக்கும் பார்தான் அளவு.
ஒன்று புள்ளி நான்கு வரவேண்டும்,
ஒன்று புள்ளி ஒன்றில் நின்றுவிடும்.
கருங்கல் பெர்ஜின் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தான்.
எல்லாம் சரி என்றது அது.
சென்சார் மாற்றினான், முந்நூறு பார்.
ஹோஸ் மாற்றினான், அறுநூறு.
பதினொரு மாதம்
என் ஐஸ் முழுக்க அந்தப் புள்ளி மூன்றுக்குள் கரைந்தது.

தடைக்காலம் வந்தது. படகுகள் கரையேறின.
பிளான்ட்டில் சத்தமில்லை.
குழாய்களில் கசிவு பார்க்கும் சோப்புத் தண்ணீரும்
பழைய பிரஷும் மூலையில் இருந்தன.
டர்போவின் வாயை அடைத்து
ஏர் கம்ப்ரசரைக் கொடுத்துப்
பூசிக்கொண்டே போனேன்,
குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல, மடிப்பு மடிப்பாக.
இன்டர்கூலரின் இடது ஓரத்தில்
வெல்டிங் முடிகிற இடத்தில்
அரிசியளவு ஒரு குமிழ்.
உடைந்தது. மறுபடி ஊதியது.
முன்னுக்கு நகர்த்த
நானே வெட்டி ஒட்டச் சொன்ன இடம்.
பெர்ஜினுக்குப் போன் எடுத்தேன்,
பேசாமல் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, விடிய நாலு மணி, ஆரல்வாய்மொழி.
ஆனிக்காற்று கணவாயில் புகுந்து
வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது.
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்.
மூன்றாம் கியர். நாலாயிரம். ஐயாயிரம்.
சீறல் இல்லை.
முள் ஒன்று புள்ளி நான்கில் ஏறி உட்கார்ந்தது.
முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.
பல்லைக் கடித்திருந்தேன் என்பது
பிறகு தாடை வலித்தபோதுதான் தெரிந்தது.

ஏழு வினாடி இருக்கும்.

முன்னால் பின்விளக்கு எரியாத லாரி.
மிதித்தேன். நூற்றுத் தொண்ணூறில்
இரண்டோ மூன்றோ கரைந்திருக்கும்.
காவல்கிணறு வரை அதன் பின்னாலேயே
நாற்பதில் போனேன்.
வெட்டிய இரண்டு வாய் வழியாகவும்
மட்டிப்பழ வாசனை.